பர்மா குப்பை

சென்னையின் பெரிய உணவு விடுதிகளில் தாய்லாந்துச் சாப்பாடு என்று ஒன்று கிடைக்கிறது. மூவர் சாப்பிட்டு எழுந்தால் ஒரு மாத மளிகைச் செலவு போய்விடும். அதே நிலப்பகுதியின் சுவையைச் சாலையோரத்தில் நின்றுகொண்டு பதினைந்து ரூபாய்க்கு நாங்கள் உண்ட காலம் ஒன்று இருந்தது. அதற்கும் முன்னால், காசே இல்லாமல் அது எங்கள் தட்டில் வந்து விழுந்தபோது ஒதுக்கி வைத்தவர்களும் நாங்களே. இரண்டாவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மூவரும் மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் படித்தோம். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். சங்கரன்கோவிலிலிருந்து பேருந்து ஏறினால் இருபுறமும் கரிசல், நடுவில் ஊர், ஊரை ஒட்டிக் கல்லூரி. ஆடித்தபசு விடுமுறையில் விடுதிச் சமையல் நின்றுபோன ஒரு நாள், உள்ளூர்க்காரனான எங்கள் வகுப்பு நண்பன் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். வீட்டில் அவனுடைய ஆச்சி மட்டும் இருந்தாள். ஊரில் அவளுக்குப் பெயரே பர்மாக்காரிதான்.

ஆச்சி ஓர் அகலமான கும்பாவில் முந்தைய இரவின் இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டாள். பச்சை வெங்காயம், மெல்லச் சீவிய முட்டைக்கோசு, பூண்டு பொரித்த எண்ணெய், வறுத்த கடலைமாவு, இடித்த மிளகாய், புளித்தண்ணீர். கடைசியாக ஒரு தகர டப்பாவைத் திறந்து, சென்னாக்கூனிப் பொடியை ஒரு கை அள்ளித் தூவினாள். பிறகு முழங்கைவரை வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பிசைந்தாள். அந்தக் கருவாட்டு வாடை எங்களுக்குக் குமட்டியது. இரண்டு வாய் தின்றுவிட்டு, வயிறு சரியில்லை என்று மூவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மூவருக்கும் ஒரே நொடியில் எப்படி வயிறு கெட்டது என்று ஆச்சி கேட்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் அதற்கு ‘பர்மா குப்பை’ என்று பெயர் வைத்தோம். பெயர் நண்பன்மீது ஒட்டிக்கொண்டது. மீதி இரண்டு வருடமும் அவன் ‘குப்பை’தான். அவன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, “ஏலே குப்பை” என்று கூப்பிட்டிருக்கிறோம். அவனும் சிரித்தபடிதான் வெளியே வந்தான். ஆனால் எங்களை மறுபடி சாப்பிட அழைக்கவில்லை.

2003-இல் மூவரும் சென்னையில் இருந்தோம். ஒரே அறை, மூன்று அரைகுறை வேலைகள். பாரிமுனைப் பக்கம் அலைந்த ஒரு மாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, செகண்ட் லைன் பீச் தெருவில் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அத்தோ என்றார்கள். மலிவு என்பதைத் தவிர எங்களுக்கு அதன்மேல் வேறு ஆர்வம் இருக்கவில்லை.

வண்டிக்காரர் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டார். கோசு, வெங்காயம், பூண்டெண்ணெய், கடலைமாவு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் வரிசையாக விழுந்தன. பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே கலந்தார். கூடவே ஒரு கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டுச் சாறு. வேகவைத்த முட்டையைப் பிளந்து, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டு இன்னொரு தட்டில் கொடுத்தார். முதல் வாயிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. “சூப் இன்னும் ஊத்தவா சார்?” என்று அவர் இருமுறை கேட்ட பிறகே தலையாட்டினோம்.

அந்தத் தெருவின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தோம். வெட்கம் வந்த பிறகு படிப்பது எங்கள் வழக்கம். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னையில் இறங்கினார்கள். அவர்களில் சிலருக்குத் துறைமுகத்தின் எதிரே 1969-இல் கடை போட இடம் கிடைத்தது; அதுதான் பர்மா பஜார். இன்னும் சிலர் மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று நடந்து, எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. பர்மிய மொழியில் ‘அதொக்’ என்றால் கலந்து பிசைந்தது. பெயர்ச்சொல்லாகத் தமிழன் வாயில் அது அத்தோ. தேங்காய்ப்பாலில் மிதக்கும் அவர்களது கௌசுவேக்கும், தாய்லாந்தின் சியாங் மாயில் விற்கும் காவ் சோய்க்கும் முகச்சாயல் ஒன்றே. எல்லைக் கோடுகளைச் சட்டிகள் அறிவதில்லை போலும்.

நண்பன் அப்போது சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தான். “என்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? ஆச்சிட்ட வந்து சொல்லுங்க” என்றான்.

2004 ஆடித்தபசுக்குப் போனோம். வண்டிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய உலர்ந்த நூடுல்ஸும் ஒரு பை பேஜோவும் எங்களிடம் இருந்தன. ஆச்சிக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்வை மங்கியிருந்தது. அடுப்படியில் நாங்களே கோசு சீவி, பூண்டு பொரித்து, செகண்ட் லைன் பீச்சில் பார்த்ததைப் பார்த்தபடியே செய்தோம். கரண்டியால் கிளறி அவள் முன்னால் வைத்தோம். சொல்ல வேண்டியதை ரயிலில் மூன்று விதமாகப் பேசி வைத்திருந்தோம். ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆச்சி தட்டை முகத்துக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“வாடையே இல்லையே. யாரு பழக்கினா ஒங்களுக்கு?”

சென்னை வண்டியில் கூனிப் பொடி கிடையாது. அங்கே வாடிக்கையாளர்களுக்காக என்றோ அது கழிந்துபோயிருக்க வேண்டும். எது எங்களுக்கு ஆகாமல் போனதோ அதுதான் ரங்கூனிலிருந்து மாறாமல் வந்தது என்பதும், நூடுல்ஸ் கிடைக்காத கரிசல்காட்டில் இடியாப்பத்தை வைத்து அவள் காப்பாற்றி வந்தது அதைத்தான் என்பதும் அந்த அடுப்படியில்தான் உறைத்தது.

பேரனை அழைத்துப் பரண்மேல் இருந்த டப்பாவை எடுக்கச் சொன்னாள். அதே தகர டப்பாதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், வேறாகவும் இருக்கலாம். கரண்டியை எடுத்துத் தள்ளி வைத்தாள். வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு பிசைந்தாள். எங்கள் மூவரின் உள்ளங்கையிலும் ஒவ்வொரு கவளம் வைத்தாள்.

“தின்னுங்கலே” என்றாள். தின்றோம். நாங்கள் விழுங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “குப்பை எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள்.

நண்பன் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நல்லா இருக்கு ஆச்சி” என்றோம். வேறெதுவும் சொல்ல முடியவில்லை. அவள் இன்னொரு கவளம் உருட்டினாள். மெட்ராசில் ஒரு தட்டு என்ன விலைக்கு விற்கிறான் என்று விசாரித்தாள். பதினைந்து ரூபாய் என்றதும் கை அப்படியே நின்றது.

“கூனி போடாததுக்கா?” என்றாள்.