ஃப்ளிப் போன் வாங்கலாமா? ஒரு அரசு டாக்டர் போட்ட கணக்கு

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. மடக்குற ஃப்ளிப் போன் பற்றி ஒரு நீளமான த்ரெட். ஆனா இதுக்குள்ளயும் ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. அது 5வது பாயிண்ட். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் வைத்திருந்தால் நேரா அங்கே போய் படிச்சுட்டு, அப்புறம் மேலே வாங்க.

ஏன் இந்தத் திடீர் ஆராய்ச்சி?

என் போனுக்கு நாலு வயசு ஆச்சு. சாயங்காலம் 4 மணிக்கே சார்ஜ் படுத்துடுது. செக்யூரிட்டி அப்டேட் வர்றதும் நின்னு போச்சு. அதே வாரத்தில் எங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் தங்கச்சி வந்து, "சார், சீட்டு எடுத்திருக்கேன். ஃப்ளிப் போன் வாங்கலாம்னு ரொம்ப நாள் ஆசை. வாங்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அதே ஆசைதான். 2004ல் மோட்டோரோலா ரேசர் வந்தப்போ நான் ஸ்கூல் பையன். அதை டப்புன்னு மூடி கால் கட் பண்றவரைப் பார்த்தாலே ஹீரோ மாதிரி இருக்கும்.

சரி, ஆசையை ஓரமா வைப்போம். கணக்கைப் பார்ப்போம்.

1. என்ன கிடைக்கும்?

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். சட்டைப் பாக்கெட்டில் வெளியே துருத்தாது. சுடிதாரில் தைக்கிற அந்தச் சின்ன பாக்கெட்டிலும் போகும். ஆம்பளைங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாத் தெரியாது. பெண்களைக் கேளுங்க, தெரியும்.

பாதி மடக்கி மேசையில் வைத்தால் ஸ்டாண்டு இல்லாமலே நிற்கும். வீடியோ காலுக்கு வசதி. பின்பக்க நல்ல கேமராவிலேயே செல்ஃபி எடுக்கலாம், வெளி ஸ்க்ரீனில் முகம் தெரியும்.

"மூடி வெச்சா போன் நோண்டுறது குறையும்"னு சிலர் சொல்றாங்க. ஒரு பழக்கத்துக்கு முன்னாடி ஒரு சின்னத் தடை வைத்தால் அது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனா புது மாடல்களில் வெளி ஸ்க்ரீனே 3.4 இன்ச், 4.1 இன்ச்னு வளர்ந்துடுச்சு. திறக்காமலே நோண்டலாம். அதனால இதுக்காக மட்டும் வாங்காதீங்க.

2. கண்ணாடி எப்படி மடங்குது?

பச்சைப் பனை ஓலையை வளைச்சா வளையும். மட்டையை வளைச்சா முறியும். காரணம் தடிமன். ஒரு பொருள் எவ்வளவு மெல்லிசோ, வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் அவ்வளவு குறைவாகத்தான் இழுபடும். 2020 பிப்ரவரியில் வந்த முதல் சாம்சங் இசட் ஃப்ளிப்பில் இருந்த கண்ணாடி வெறும் 30 மைக்ரான். நம்ம தலைமுடியில் ஏறக்குறைய பாதி தடிமன். அதுக்கு மேலே பாதுகாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் படலம்.

அதாவது உங்க விரல் படுறது கண்ணாடி மேல இல்லை, பிளாஸ்டிக் மேல. நகம் அழுத்தினால் தடம் விழலாம். அந்தப் படலத்தை சாதா ஸ்க்ரீன் கார்டுன்னு நினைச்சு உரிக்கவே கூடாது. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்தப்போ சிலர் அதை உரிச்சுட்டாங்க, ஸ்க்ரீன் போச்சு. சிலருக்கு கீல் இடுக்கில் துகள் புகுந்தது. விற்பனையைத் தள்ளி வைத்து, சரி பண்ணி, செப்டம்பரில்தான் வெளியே விட்டார்கள்.

2 லட்சம் முறை மடக்கலாம்னு ஆரம்பத்தில் கம்பெனி சொன்னது. ஒரு நாளைக்கு 100 தடவைன்னு வைங்க, 2000 நாள், அஞ்சரை வருஷம். 150 தடவைன்னா மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா அந்தச் சோதனையில் போனை மடக்கினது ஆய்வகத்து மெஷின். அங்கே நம்ம ஊர் மண் இல்லை.

3. தூசி

என்னைப் பொறுத்தவரை முடிவை மாத்தினது இதுதான்.

போன் விளம்பரத்தில் ஐபி68, ஐபி48னு போட்டிருப்பாங்க. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணிக்கு. தண்ணிக்கு 8 என்றால் முங்கினாலும் குறிப்பிட்ட ஆழம், குறிப்பிட்ட நேரம் வரை தாங்கும். தூசிக்கு 6 என்றால் தூசியே உள்ளே போகாது. 4 என்றால் 1 மில்லிமீட்டருக்கு மேல் பெரிய பொருள்தான் உள்ளே போகாது. 2024ல் வந்த இசட் ஃப்ளிப் 6க்கு ஐபி48. அதுக்கு முந்தைய ஃப்ளிப் 5க்கு ஐபிஎக்ஸ்8, அதாவது தூசிக்கு மதிப்பெண்ணே போடலை. இதே விலையில் வர்ற மடக்காத போன்களில் ஐபி68 சாதாரணம்.

1 மில்லிமீட்டர் எவ்வளவுன்னு இசிஜி பார்க்கிறவங்களுக்குத் தெரியும். பேப்பரில் ஒரு சின்னக் கட்டம். தூசி அதைவிட எத்தனையோ மடங்கு சிறிசு.

இப்போ நம்ம ஊரைப் பாருங்க. சேலத்துக்கு ஒரு காலத்தில் குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி பல வருஷம் வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. சுற்றிலும் அரளித் தோட்டம். விடியறதுக்கு முன்னாடி மொட்டுப் பறிக்கப் போறவங்க, சேகோ ஆலையில் மாவுக்கு நடுவில் நிக்கிறவங்க, கல்குவாரி வேலைக்குப் போறவங்க, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுற பட்டறைக்காரங்க, இவங்கதான் என் ஓபியில் உட்கார்ந்திருப்பாங்க. அவங்க நுரையீரலுக்குள்ளேயே போற தூசி, கீலுக்குள்ளே போகாதா?

4. டியூட்டி

டாக்டருக்கு போன் ஒரு கருவி. ராத்திரி நெஞ்சு வலின்னு ஒருத்தர் வந்தா, இசிஜியை போட்டோ எடுத்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, பேசிக்கிட்டே 108ல் ஏத்துவோம். கிராம சுகாதார செவிலியர் அக்கா கர்ப்பிணிக்கு பிரஷர் ஏறுதுன்னு கூப்பிடுவாங்க. ஜருகுமலை கேம்ப் போனா சார்ஜ் போட நேரம் இருக்காது.

ஃப்ளிப் 6ல் பேட்டரி 4000 எம்ஏஎச், ஃப்ளிப் 7ல் 4300. கால்வாசி விலைக்கு வர்ற சாதா போனில் 5000 தாராளமா இருக்கு. உள் ஸ்க்ரீன் போனாலும் வெளி ஸ்க்ரீனில் கால் எடுக்கலாம், அது ஒரு நல்ல விஷயம். ஆனா அந்தச் சின்னச் சதுரத்தில் எஸ்டி எலிவேஷன் இருக்கா இல்லையான்னு நான் பார்க்க மாட்டேன்.

5. காந்தம் (இதை மட்டுமாவது படிங்க)

மூடினா ஒட்டிக்கணும்னு ஃப்ளிப் போனுக்குள்ளே காந்தம் வெச்சிருக்காங்க. பேஸ்மேக்கர், ஐசிடி இரண்டுமே காந்தத்தை உணரும் கருவிகள். டாக்டர்கள் தேவைப்பட்டால் காந்தம் வைத்து அதன் வேலையை மாற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். காந்தம் பக்கத்தில் வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிக்க வைக்கும். ஐசிடியோ ஆபத்தான துடிப்பு வந்தால் கொடுக்க வேண்டிய ஷாக்கை நிறுத்தி வைக்கும்.

2021ல் வெளியான ஒரு அறிக்கைப்படி, அமெரிக்காவின் மிச்சிகனில் மருத்துவர்கள் ஐபோன் 12ஐ ஒரு நோயாளியின் ஐசிடி மேல் கொண்டு போனபோது இதுதான் நடந்தது. போனை எடுத்ததும் கருவி பழைய நிலைக்குத் திரும்பியது. அதே வருஷம் அமெரிக்க எஃப்டிஏ, ஆபத்து குறைவுதான், ஆனாலும் 6 இன்ச், அதாவது 15 சென்டிமீட்டர் தள்ளியே வையுங்கள் என்று சொன்னது.

இப்போ யோசிங்க. பேஸ்மேக்கர் பெரும்பாலும் வைக்கிற இடம் இடது காறை எலும்புக்குக் கீழே. நம்ம ஊர் ஆம்பளைங்க போன் வைக்கிற இடம் இடது சட்டைப் பாக்கெட். "பாக்கெட்டில் அடக்கமா இருக்கும்"னு நாம் வாங்குற போன் போய் உட்காருறது சரியா அங்கேதான்.

என் அப்பாவுக்கு இரண்டு வருஷமா பேஸ்மேக்கர் இருக்கு. வேட்டி, சட்டை, இடது பாக்கெட்டில் போன், நாற்பது வருஷப் பழக்கம். "அப்பா, போன் இடுப்புப் பையில். பேசுறது வலது காதில்"னு சொல்லியிருக்கேன். சாதா போனா இருந்தாலும் இதே விதிதான். நல்லா இருக்கிற கருவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 15 சென்டிமீட்டர் தள்ளி வெச்சா போதும்.

6. காசு

ஃப்ளிப் 6 இந்தியாவில் வந்தப்போ 1,09,999 ரூபாய். அதே 2024ல் மோட்டோரோலா ரேசர் 50 வந்தது 64,999க்கு. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போனை 4 வருஷம் வெச்சிருந்தா மாசம் சுமார் 2,290 ரூபாய். 25,000 போன்னா மாசம் 520. வித்தியாசம் மாசம் 1,770. இஎம்ஐ போட்டால் வட்டி தனி.

வாங்குறதுக்கு முன்னாடி கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "உள் ஸ்க்ரீன் மாத்த எவ்வளவு?" சில மாடலுக்கு அந்தக் காசில் ஒரு நல்ல புது போனே வரும். அந்தப் பதிலைக் கேட்டுட்டும் ஆசை இருந்தா, அது உண்மையான ஆசை.

7. அப்போ முடிவு?

நான் வாங்கலை. என்னிடம் இருக்கிறது ஒரே போன், ஆன் கால் டியூட்டி, தூசி ஊர். ஐபி68, பெரிய பேட்டரி உள்ள சாதா போன் எடுக்கப் போறேன்.

தங்கச்சியிடம் "வாங்கிக்கோங்க"ன்னு சொன்னேன். அவங்களுக்கு ஷிஃப்ட் டியூட்டி. வீட்டில் இன்னொரு போன் இருக்கு. வார்டுக்குள்ளே தூசி கம்மி. கடன் இல்லை, சொந்த சீட்டுக் காசு. வீட்டில் யாருக்கும் பேஸ்மேக்கர் இல்லை. பத்து வருஷமா எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணின ஒரு பொண்ணு, தனக்குன்னு ஒண்ணு வாங்க ஆசைப்படுது. இதையும் கணக்கில் சேர்க்கணும் இல்லையா? சேதாரத்துக்கும் சேர்த்து வாரண்டி எடுங்க, படலத்தை உரிக்காதீங்க, ஏடிஎம் கார்டை அதோடு ஒட்டி வைக்காதீங்கன்னு மூணு விஷயம் மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒரே போன், இரண்டு பேருக்கு இரண்டு பதில். மருந்தும் அப்படித்தான், ஆளைப் பார்த்துத்தான் எழுதுவோம்.

இந்த த்ரெட்டை போன் வாங்கப் போறவங்களுக்கு அனுப்புறீங்களோ இல்லையோ, 5வது பாயிண்டை மட்டும் பேஸ்மேக்கர் வைத்த அப்பா, அம்மா, தாத்தா இருக்கிற வீடுகளுக்கு அனுப்பிடுங்க.