கல்லங்குறிச்சியிலிருந்து பச்சைமலைக்கு

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் கடற்சிப்பிகள் கல்லாய்ப் பதிந்திருக்கின்றன. “அத்தா, இங்கே கடலா?” என வியந்தான் என் மகன். ஆம், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்!

அங்கிருந்து பச்சைமலைக்கு மிதிவண்டியில் புறப்பட்டோம். சிமெண்ட் ஆலை லாரிகளுக்கு ஒதுங்கி, பெரம்பலூர் கடந்து, துறையூரில் இரவு தங்கினோம். மறுநாள் சோபனபுரத்திலிருந்து மலைச்சாலையில் ஏறினோம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது இழுக்கன்று. அப்போதுதான் காட்டின் ஓசை செவியில் விழுகிறது. மேலே மலையாளிப் பழங்குடியினரின் மரவள்ளித் தோட்டங்களைக் கண்டோம். இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கடல் விட்டுச்சென்ற கல்லைச் சுரங்கங்கள் தோண்டுகின்றன, தோண்டியது மீளாது. மலைக்காட்டுக்கும் அந்நிலை வரலாகாது. பிள்ளைகளை இப்போதே அழைத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், படைப்பின் அத்தாட்சிகளை அவர்கள் தம் கண்ணாலேயே காண்பார்கள்.