பாவாடையில் ஒளித்து வைத்த நாலு அங்குலம்



புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் திருவண்ணாமலை போக மகளுக்குப் பாவாடை தைக்க வேண்டும், பேட்டர்ன் எங்கே கிடைக்கும் என்று ஒரு பழைய மாணவி கேட்டிருக்கிறாள். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இது தீபம் ஏற்றும் திருவண்ணாமலை இல்லை. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் சீனிவாசப் பெருமாள் இருக்கும் மலை.

சுருக்குப் பாவாடைக்குப் பேட்டர்ன் எதற்கம்மா? இஞ்சி டேப்பும் கூட்டல் கணக்கும் போதும்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு இடுப்பு 22, உயரம் 28 அங்குலம் என்று வையுங்கள். படி ஏறணும், அதனால் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்தி அளவெடுங்கள். 36 அங்குல அகலக் காட்டன் துணி 2 மீட்டர் வாங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும்.

உயரத்தில் பட்டிக்கு 1½ போனால் மீதி 26½. மேல் தையலுக்கு ½, அடிமடிப்புக்கு 3, டக்குக்கு 4. மொத்தம் 34. அந்த நீளத்தில் இரண்டு துண்டு, பட்டிக்கு 4 அங்குலத்தில் ஒரு துண்டு. மிச்சத் துணியில் நாடா.

இரண்டு துண்டையும் பக்கவாட்டில் இணையுங்கள். ஒரு பக்கம் மேலே 4 அங்குலம் திறப்பு விடுங்கள். மேல் விளிம்பில் பெரிய ஓட்டுத்தையல் இரண்டு வரிசை ஓட்டி நூலை இழுத்தால் சுருக்கு விழும். பட்டியை 24 அங்குலம் வெட்டி, இரு முனையையும் அரை அங்குலம் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பட்டியையும் பாவாடையையும் நாலு சமபாகமாகக் குறித்துப் பொருத்தினால் சுருக்கு ஒரே பக்கம் குவியாது.

கடைசியில் டக். ஒரு அங்குல டக் பிடித்தால் 2 அங்குலத் துணி உள்ளே போகும். இரண்டு டக்கில் 4 அங்குலம் ஒளிந்திருக்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பொடித்தையல் போடாதீர்கள், பிரிக்கும்போது துணி கிழியும்.

இந்த 4 அங்குலத்தின் அருமையை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை எனக்குக் காட்டினாள். பாவாடை கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது, பையன்கள் சிரித்தார்கள், பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தளவாய்புரத்து வியாபாரிக்கு உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. ஊருக்கெல்லாம் பாவாடை தைத்த கைக்கு மகள் பாவாடையைப் பார்க்க நேரமில்லை. நல்லவேளை, முன்பு தைத்தபோது டக் பிடித்திருந்தார். அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். உயரம் சரியாகிவிட்டது. ஆனால் டக் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மறுபடி சிரிப்பார்களே என்று பிள்ளை அழுதது. அந்தப் பட்டைகளின் மேல் சிவப்பு ரிப்பனை வைத்துத் தைத்தோம். மறுநாள் வந்துவிட்டாள். அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் ரிப்பன் கேட்டார்கள்.

அதனால் துணி வாங்கும்போதே பொருத்தமான ரிப்பனும் 4 மீட்டர் வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். டக் பிரிக்கும் நாள் எப்படியும் வரும். பிள்ளைகள் வளர்வது நாம் வெட்கப்படுகிற விஷயமா என்ன?

தைத்தவர்கள் படம் போடுங்கள். சுருக்கு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.