அடைத்த வாயில்

ஒருவழி அறுந்தால் மறுவழி உதவுமென்று, வலையமைப்புச் சுவிட்சுகளை இருவழிகளால் இணைப்பர். ஆயின் அவ்வழிகள் வளையமாகுமாயின், ஈதர்நெட்டுச் செய்திக்கு ஆயுளெல்லை இன்மையால், யாவர்க்குமென விடுத்த ஒன்று ஓயாது சுழன்று பெருகி, வலை முழுவதையும் முடக்கும்.

இதற்கு மருந்தாக 1985ஆம் ஆண்டில் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். இதன்படி, மிகக் குறைந்த அடையாள எண்ணுடைய சுவிட்சு வேராகும். வேரை அடையும் செலவு குறைந்த வழிகள் நிலைக்கும். போர்ட்டு என்னும் வாயில்களுள் மிகையானவை அடைபடும். குழுவினர்க்குரிய மல்ட்டிகாஸ்ட்டுச் செய்தியும் இம்மரத்தின் வழியே செல்லும். ரூட்டர்ப் போர்ட்டென நாம் கையாற் குறித்த வாயிலாயினும், அடைபட்டதாயின் அச்செய்தி அதன்வழிச் செல்லாது.

எனினும் அடைத்த வாயில் வீணன்று. அது பேசாது செவிசாய்த்திருக்கும்; திறந்த வழி அறுமாயின், தான் திறந்து பணிபுரியும். தெரிந்தெடுக்கப்படாது பின்னிற்கும் எம்போல்வார்க்கு இஃது ஆறுதலன்றோ? விழித்துக் காத்திருத்தலும் ஊழியமே.