தலை நிமிர்ந்து கேட்க

13.6.2025, வெள்ளி, மாசாய்

வேலை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி போதும். செயற்கைக் கால் அந்தக் கணக்கில் வராது. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கு சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் கைகொடுக்கும், ஆனால் இங்கே சந்தா கட்டும் தொழிலாளிக்குத்தான்.

பசியாறியதும் அண்ணனே பேச்சை எடுத்தார். "உதவி கேக்கலாம் தம்பி. ஆனா படுக்கையில கெடக்குற படம் வேணாம். பிள்ளைங்க ஸ்கூல்ல பாப்பாங்க." நான் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

14.6.2025, சனி

உதவி கேட்கும் இணையப் பக்கத்தை எழுதினேன். முதலில் அவர் யார், என்ன வேலை தெரிந்தவர். பிறகு என்ன நடந்தது என்று இரண்டே வரி. அடுத்து செயற்கைக் காலின் கொட்டேஷன். சமூகநலத் துறையில் விண்ணப்பம் போட்டிருப்பதையும், அங்கே உதவி கிடைத்தால் அந்த அளவுக்கு இலக்கைக் குறைப்போம் என்பதையும் சேர்த்தேன். கொடுப்பவருக்கும் மரியாதை வேண்டும். முழுக் கணக்கைச் சொல்வதே அந்த மரியாதை.

மருத்துவ அறிக்கையை அப்படியே போடவில்லை. அதில் ஐசி எண் முதல் வீட்டு முகவரி வரை இருக்கிறது. நம் நாட்டின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கானதுதான். ஆனாலும் உடல்நல விவரத்துக்கு வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்வதை நாங்களும் பின்பற்றலாம். ஒவ்வொரு வரியையும் அண்ணனிடம் படித்துக் காட்டி, அவர் சம்மதித்ததை மட்டும் வைத்தேன்.

15.6.2025, ஞாயிறு

ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறாகிவிட்டதால் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். அவர்களைப் படத்தில் சேர்க்கவில்லை.

அண்ணன் இப்போது அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் காற்றாடிகளைப் பழுதுபார்க்கிறார். அந்த வேலை மேசையிலேயே காணொளியை எடுத்தேன். கேமரா அவர் கண்மட்டத்தில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் யாரும் சிறுத்துத்தான் தெரிவார்கள். சோக இசை இல்லை. அவர் தமிழில் பேச, கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடும். தாமானில் உள்ள எல்லாரும் அவருக்கு அண்டை வீட்டார்தானே.

மகள் அழும் படம் இருந்தால் பணம் சீக்கிரம் சேரும் என்றார் ஒரு நண்பர். சேரலாம். பசித்த பிள்ளைகளின் படத்தைக் காட்டி நிதி திரட்டுவதை யோர்கன் லிஸ்னர் என்பவர் 1981-லேயே கண்டித்து எழுதினார். 2006-இல் ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பான கான்கார்டு, படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நெறிமுறையே வகுத்தது. காலுக்கான தேவை சில மாதங்களில் தீர்ந்துவிடும். அந்தப் படத்தோடு வளர வேண்டியவள் அந்தப் பிள்ளை.

18.6.2025, புதன்

எழுத்தும் நிறமும் பார்த்தேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணையத் தரம். வயதானவர்கள் வெயிலில் நின்றும் படிக்க வேண்டுமே. தமிழை நம் முத்து நெடுமாறனின் செல்லினத்தில் தட்டினேன். பக்கம் லேசாக இருப்பதால் அக்காவின் பழைய கைப்பேசியிலும் உடனே திறக்கிறது.

பணம் அனுப்புவதற்கான டூயிட்நவ் கியூஆர் அண்ணன் பெயரிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் பெறுபவர் பெயர் தெரிவதால், பக்கத்தில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி எழுதினேன். தம்பிமார் சிலர் சாலை விளக்கருகே உண்டியல் ஏந்தத் தயாராக இருந்தார்கள். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947 சட்டப்படி உரிமம் வேண்டும் என்று சொல்லி, பக்கத்தின் இணைப்பைப் பகிரச் சொன்னேன்.

21.6.2025, சனி

முழுதும் பார்த்துவிட்டு அண்ணன் ஒன்று சேர்க்கச் சொன்னார்: "பணம் சேந்ததும் நிறுத்திடணும் தம்பி." கடைசிப் பத்தி அதுதான். இலக்கை எட்டிய அன்றே கியூஆர் எடுக்கப்படும். கால் வாங்கிய ரசீது ஒரு மாதம் பக்கத்தில் இருக்கும். அதன்பின் படம், காணொளி, பக்கம் எல்லாமே நீக்கப்படும். நாளைக்கு யாராவது அவர் பெயரைத் தேடினால், உதவி கேட்டவர் என்பதே முதலில் வந்து நிற்கக் கூடாது. இன்றிரவு வெளியிடுகிறோம்.