ஒரு பானைப் பொங்கல்

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் மூன்று தலைமுறையினர் ஒருங்கு வாழ்ந்த இல்லம் அது. தைத்திங்கள் முதனாளில் முற்றத்திற் கோலமிட்டு, புதுப்பானைக்கு மஞ்சட்கொத்துக் கட்டி, புத்தரிசியும் பாலும் வெல்லமும் பெய்து பொங்கலிடுவர். பால் பொங்குங்காற் சிறுவரெல்லாம் ‘பொங்கலோ பொங்கல்’ என்று ஆர்ப்பர்.

ஓராண்டு, நிலம் பங்கிடுதலிற் பிணங்கிய மைந்தர் இருவரும் தனித்தனி அடுப்புக் கூட்டினர். எவ்வடுப்பின்பாற் செல்வதென்றறியாது பேரனொருவன் இடையே நின்று விம்மினன். அதுகண்ட மூதாட்டி, “சூரியன் ஒன்றுதானே அப்பா! அடுப்பு மட்டும் ஏன் இரண்டு?” என்றனள். மைந்தர் தலைகுனிந்தனர், பானை ஒன்றே ஏறிற்று.

ஞாயிறு சிவபெருமானுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்றென்பதும், ‘எனது’ என்னும் பற்று உயிரைப் பிணிக்குந் தளையென்பதும் அப்பேரன் பிற்காலத்துத் திருமடத்தில் மெய்கண்ட சாத்திரம் 14-உம் ஓதுங்காற் கேட்டனன். எனினும், அவற்றை முதற்கண் உணர்த்தியது அம்முற்றத்துப் பானையேயாம்.