அப்பா மிதிக்க மறுத்த மரம்

ஜெலாப்பாங்கில் எங்கள் வீடு இரட்டை மாடி வரிசை வீடு. மாடிப்படி கான்கிரீட், அதன்மேல் மரப்பலகை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பலகைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. கரையான் மட்டும் கண்டுகொண்டது. வானொலியில் வேலை பார்ப்பதால் எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். கீழிருந்து நான்கு படிகளிலும் காலிப் பெட்டியின் சத்தம்தான் வந்தது.

அம்மாவுக்கு மூட்டுவலி. கீழே ஓர் அறையை ஒதுக்கித் தருகிறோம் என்று அண்ணன் சொன்னார். "சாமி அறை மேலே இருக்கு. நான் மட்டும் ஏன் கீழே கிடக்கணும்?" என்றார் அம்மா. அதனால் எங்களுக்கு இது அலங்கார வேலை இல்லை. அம்மா தன் சொந்த வீட்டில் பயமில்லாமல் ஏறி இறங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மரக்கடையில் முதலில் நிறத்தைத்தான் காட்டுவார்கள். நாம் முதலில் கேட்க வேண்டியது எடையை. நம் நாட்டில் வன்மரங்களைக் கனமானவை, நடுத்தரமானவை, இலேசானவை என்று பிரிப்பார்கள். ஒரு கன மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் எடையும், இயற்கையாகவே பூச்சியையும் பூஞ்சையையும் தாங்கும் குணமும் இருந்தால் அது கன வன்மரம். படிப்பலகை தினமும் ஒரே இடத்தில், அதுவும் விளிம்பில், மிதிபடுகிறது. இலேசான மெராந்தி அங்கே சீக்கிரம் பள்ளம் விழுந்துவிடும்.

கனமானவற்றில் முதல் பெயர் செங்கால். ("செங்கல்லா? சிமெண்டு படிக்கு எதுக்குடா செங்கல்?" என்று அம்மா கேட்டது தனிக்கதை.) படகு கட்டவும் பழைய வீடுகளின் தூண்களுக்கும் பயன்பட்ட மரம். கரையானும் அதனிடம் தயங்கும். அதில் குண்டூசி முனை அளவு துளைகள் இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அவை மரம் காட்டில் நின்றபோதே வண்டு போட்ட பழைய துளைகள். ஆனால் செங்கால் மெதுவாக வளரும் மரம். காட்டில் குறைந்துகொண்டே வருகிறது. விலையும் அதற்கேற்ப இருக்கிறது.

அடுத்தது மெர்பாவ். 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது இதுதான். செம்பழுப்பு நிறம், நல்ல உறுதி, காய்ந்த பிறகு அதிகம் சுருங்காது. இரண்டு குணங்களை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் விடும்; ஈரத்தோடு இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை படியும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிதான் போட வேண்டும். கெம்பாஸும் கெட்டியான மரம்தான். ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கு மருந்தேற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மருந்து ஏற்றாத கெம்பாஸைக் கரையான் விட்டுவைக்காது.

கடைக்காரர் கடைசியாகக் காட்டியது ரப்பர் மரப்பலகை. வெளிர் நிறம், சின்னச் சின்னத் துண்டுகளைப் பல்லிணைப்பில் ஒட்டியது, விலையும் குறைவு. எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்குத்தான் முகம் மாறிவிட்டது.

அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டில் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரை நிரையாக நடந்தவர். "அடுப்புல வைக்கிற மரத்தையா படிக்கு வைக்கப் போறீங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது நமக்குச் சோறு போட்ட மரம். அதையா மிதிக்கச் சொல்றே?" என்றார். இரண்டு காரணமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் இரண்டுமே உண்மை.

நம் பேராக்குக்கும் அந்த மரத்துக்கும் உறவு பழையது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. தோட்டங்களில் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் புகைக்கூடத்துக்கும் சமையலுக்கும் விறகானது. அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் வண்டும் உடனே பிடித்துவிடும். வெட்டியதும் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் கதை மாறியது. இன்று மலேசியாவின் மரத் தளவாட ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த 'விறகு' மரத்துக்குத்தான்.

படிக்கு அது ஆகாதா? ஆகும். கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ எடை. காய்ந்த வீட்டில், தடித்த பலகையாகப் போட்டால் தாங்கும். ஆனால் போரான் மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. அடிக்கடி ஈரம் பட்டால் காவல் போய்விடும். கரையான் ஏற்கெனவே வழி கண்டுபிடித்த வீட்டில், குளித்த ஈரக்காலோடு சாமி அறைக்கு ஏறும் அம்மா இருக்கும்போது, அது சரிவராது. அப்பாவின் மனம் சொன்னதைத்தான் கணக்கும் சொன்னது.

மெர்பாவையே எடுத்தோம். வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து, ஓரத்தில் வெளிறிய கட்டை உள்ள பலகைகளை ஒதுக்கினோம். சூளையில் உலர்ந்ததா என்று கேட்டதோடு விடாமல், ஈரப்பதமானியை வைத்துக் காட்டச் சொன்னோம். நம் ஊர்க் காற்றில் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது. பச்சையாக வாங்கினால் சில மாதங்களில் பலகை வளையும், படி கிரீச்சிடும். பலகை வருமுன் கரையானுக்கு மருந்து அடித்தோம். அது இல்லாமல் எந்த மரத்தைப் போட்டும் பயனில்லை.

அதைவிட முக்கியம் அளவு. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டப்படி படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மிதிக்கும் அகலம் 255-க்குக் குறையக்கூடாது, எல்லாப் படியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பழைய பலகையைவிடப் புதியது 10 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால், முதல் படி 10 கூடும். மாடியைத் தொடும் கடைசி ஏற்றம் 10 குறையும். கண்ணுக்குத் தெரியாது, கால் தடுக்கும். அதனால் பழைய பலகையின் தடிப்பையே புதியதற்கும் சொல்லி அறுக்கச் சொன்னோம்.

பூச்சு விஷயத்தில் அம்மாவின் தீர்ப்பே இறுதி. பளபளப்பு வேண்டாம், பளபளப்பு வழுக்கும் என்றார். மங்கலான பூச்சும், விளிம்பில் இரண்டு கோடாகக் காடியும் போட்டோம்.

கைப்பிடிக்கு மட்டும் ரப்பர் மரம். யோசனை அப்பாவுடையதுதான். தரையைத் தொடாத இடம், ஈரம் படாத இடம், மிதிபடாத இடம். "பிடிச்சுக்கிட்டுப் போகலாம், அதுல தப்பில்ல" என்றார்.

உங்கள் வீட்டிலும் படி மாற்றும் வேலை வந்தால், கடைக்குப் போகுமுன் அந்தப் படியில் அதிகம் ஏறி இறங்குபவர் யார் என்று பாருங்கள். அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பலகையைத் தரையில் வைத்து, வெறுங்காலோடு ஒருமுறை ஏறி நிற்கச் சொல்லுங்கள். எங்கள் அம்மா நின்று பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.